ஒரே வரைபடத்தில் ஆயிரம் ஊர்கள்: பெருமந்தக் கால அமெரிக்கத் தபால் நிலையங்கள்

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. அமெரிக்கச் சிற்றூர்களில் 1930-களில் எழுந்த தபால் நிலையங்கள் ஏன் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள் போலத் தோன்றுகின்றன என்பது முதலாவது. அவற்றின் உட்சுவர்களில் காணப்படும் ஓவியங்கள், வேலையிழந்த ஓவியர்களுக்கு நிவாரணமாக வழங்கப்பட்ட பணிகள்தாமா என்பது இரண்டாவது. ஒற்றுமை தற்செயலானது அன்று, திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது என்பது முதலாவதற்கான விடை. பெரும்பாலான ஓவியங்கள் நிவாரணப் பணிகள் அல்ல, போட்டிகளின் வழியே பெற்ற பணிகள் என்பது இரண்டாவதற்கான விடை. இந்த இரண்டு விடைகளும் ஒரே அலுவலகத்தின் கதையில் வந்து சேர்வதால் அந்த அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றுக்குத் தனக்கென ஒரு தபால் நிலையக் கட்டடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. போஸ்ட்மாஸ்டர் பதவி அரசியல் நியமனமாக இருந்ததால், வாஷிங்டனில் ஆட்சி மாறும்போது ஊரின் போஸ்ட்மாஸ்டரும் மாறுவார். அவருடைய மளிகைக் கடையிலோ வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலோ கடிதங்கள் பிரிக்கப்படும். அரசு சொந்தமாகக் கட்டிய தபால் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களுக்கு உரியவையாக இருந்தன. சுங்க அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்ட பெரிய கல் மாளிகைகளும் அவற்றில் அடங்கும். அஞ்சல் துறை அந்தக் கட்டடங்களைப் பயன்படுத்தியது. கட்டியதோ கருவூலத் துறை. கருவூலத் துறைக்குள் இருந்த 'மேற்பார்வைக் கட்டடக் கலைஞர் அலுவலகம்' என்ற பிரிவுதான் 1850-களிலிருந்து 1939 வரை கூட்டாட்சி அரசின் கட்டடங்களை வடிவமைத்தது. கட்டடத்தைப் பயன்படுத்தும் துறை ஒன்று, கட்டும் துறை வேறொன்று என்ற இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல செய்திகள் எளிதில் விளங்கும்.

மாற்றம், 1930-களை வாட்டிய பெரும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1926-ஆம் ஆண்டின் பொதுக் கட்டடச் சட்டம், முதல் உலகப் போரினால் தேங்கிப்போன கட்டட வேலைகளுக்கு நிதியைத் திறந்துவிட்டது. எந்த ஊருக்குக் கட்டடம் தேவை என்பதைக் கருவூலத் துறையும் அஞ்சல் துறையும் சேர்ந்த ஒரு குழு ஆராயத் தொடங்கியது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்த பின் அதிபர் ஹூவர் இதே திட்டத்தை விரிவாக்கினார். 1933-இல் பதவியேற்ற ரூஸ்வெல்ட் அதை மேலும் பல மடங்கு பெருக்கினார். நாட்டின் உழைப்பாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம் அது. செங்கல் சூளைக்கும், சுண்ணக்கல் குவாரிக்கும், தச்சருக்கும், குழாய்ப் பணியாளருக்கும் ஒரே நேரத்தில் வேலை தரக்கூடிய, எல்லா மாநிலங்களிலும் எல்லாத் தொகுதிகளிலும் கட்டத்தக்க, முடிந்தபின் ஊரார் அன்றாடம் பயன்படுத்தக்கூடிய கட்டடம் ஒன்று வேண்டுமென்றால் தபால் நிலையத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை. அந்தப் பத்தாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் புதிதாக எழுந்தன.

வங்கிகளின் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1930 முதல் 1933 வரை ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. சேமிப்பை இழந்த மக்கள், 1911-இல் தொடங்கப்பட்ட அஞ்சல் சேமிப்புத் திட்டத்தை நாடினார்கள். அதிகபட்சம் 2,500 டாலர், ஆண்டுக்கு 2 விழுக்காடு வட்டி, அரசின் முழு உத்தரவாதம் என்ற எளிய ஏற்பாடு அது. 1930-களின் நடுவில் அதில் இருந்த மொத்த வைப்புத்தொகை 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஆகவே அன்றைய சிற்றூர்த் தபால் நிலையத்தின் முன்கூடத்தில் நின்றவர்களில் பலர் கடிதம் போட வந்தவர்கள் அல்லர். தம்மிடம் எஞ்சிய பணத்தைப் பாதுகாப்பாக வைக்க வந்தவர்கள். அந்தக் கட்டடங்களின் உறுதியான, அசையாத தோற்றத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும் என்று நான் கருதுகிறேன்.

இப்போது முதற்கேள்விக்கு வருகிறேன். 1915 முதல் 1933 வரை அந்த அலுவலகத்தின் தலைமையில் 'தற்காலிக' மேற்பார்வைக் கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தோடு இருந்த ஜேம்ஸ் வெட்மோர் ஒரு வழக்கறிஞர். கட்டடக் கலைஞரே அல்லர். உண்மையான வடிவமைப்புப் பொறுப்பு லூயிஸ் சைமன் என்பவரின் கையில் இருந்தது. பால்டிமோரில் பிறந்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சைமன், 1896-இல் அந்த அலுவலகத்தில் சேர்ந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பணிக்குப் பின் 1933-இல் அதன் தலைவரானார். அமெரிக்கக் கட்டடக் கலை வரலாற்றில் ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்குக் கிடைத்த பக்கங்களில் நூற்றில் ஒரு பங்குகூட சைமனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அமெரிக்கச் சிற்றூர் மக்கள் தம் வாழ்நாளில் மிகுதியாக உள்ளே சென்று வந்த அரசுக் கட்டடங்கள் இவர் மேற்பார்வையில் உருவானவை. அந்த அளவில் இவர் பெறவேண்டிய மதிப்பு இன்னும் வழங்கப்படவில்லை என்றே சொல்வேன்.

சைமனின் முறை எளிது. உள்ளமைப்பைத் தரப்படுத்திவிட்டு, முகப்பை மட்டும் ஊருக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப மாற்றுவது. ஒரு தளமும் தரைமட்டத்துக்குச் சற்று மேலே உயர்ந்த நிலவறையும்; ஐந்து பகுதிகளாகப் பிரிந்த சமச்சீரான முகப்பு; நடுவில் வாசல், அதன் இருபுறமும் இரண்டிரண்டு உயரமான சன்னல்கள்; கருங்கல் படிகள், அவற்றின் இரு பக்கமும் இரும்பு விளக்குத் தூண்கள்; வாசலுக்கு மேல் கழுகுச் சின்னமும் ஊரின் பெயரும். இந்தச் சட்டகம் பெரும்பாலான ஊர்களில் மாறுவதில்லை. வடகிழக்கு மாநிலங்களில் இதற்குச் சிவப்புச் செங்கல்லும், வெள்ளை மரவேலையும், கூரைமேல் ஒரு சிறு மணிக்கூண்டும் சேர்ந்து பதினெட்டாம் நூற்றாண்டுக் குடியேற்றக் காலச் சாயல் கிடைக்கும். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரை ராக்பெல்லர் குடும்பத்தின் செலவில் புதுப்பிக்கும் வேலை 1920-களின் பிற்பகுதியில் தொடங்கியதிலிருந்து அந்தச் சாயலின்மேல் நாடெங்கும் விருப்பம் பெருகியிருந்தது. தென்மேற்கில் அதே கட்டடம் வெண்சாந்துப் பூச்சும் செவ்வோட்டுக் கூரையும் அணிந்துகொண்டு ஸ்பானிய உருவம் பெறும். இடைப்பட்ட மாநிலங்களில் அலங்காரம் ஏறத்தாழ முழுவதும் களையப்பட்டு, தூண்கள் சுவரோடு ஒட்டிய வெறும் பட்டைகளாகச் சுருங்கி, பண்டைய கிரேக்க, ரோமானியச் செவ்வியல் மரபின் எலும்புக்கூடு மட்டும் எஞ்சும். அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் இந்த நடையைப் 'பட்டினி கிடக்கும் செவ்வியல்' என்று அழைப்பதுண்டு. பணம் குறைவாக இருந்ததே இந்த எளிமைக்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் சன்னலின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தையும், இரு சன்னல்களுக்கு இடையே விடப்பட்ட சுவரின் அளவையும் பொறுமையாக நோக்கினால், மரபில் தேர்ந்த ஒரு கை அதற்குப் பின்னால் இருந்தது விளங்கும்.

தனியார் கட்டடக் கலைஞர்கள் இதை விரும்பவில்லை. வேலையின்றி வாடிய அவர்கள், அரசு அலுவலகம் ஒரே வரைபடத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தித் தம் பிழைப்பைப் பறிக்கிறது என்று முறையிட்டார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது. ஆனால் அரசின் கணக்கு வேறு: வரைபடம் ஆயத்தமாக இருந்தால் ஒப்பந்தப்புள்ளி விரைவில் கோரலாம், ஒப்பந்தம் விரைவில் முடிவானால் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலி விரைவில் சேரும். பெரிய கட்டடங்கள் சிலவற்றைத் தனியாருக்கு விட்டுவிட்டுச் சிற்றூர்க் கட்டடங்களைப் பெரும்பாலும் அலுவலகமே தன்னிடம் வைத்துக்கொண்டது.

முகப்பைக் காட்டிலும் உள்ளமைப்பே இந்தக் கட்டடங்களில் என்னை மிகுதியாக ஈர்ப்பது. படியேறி வாசலைக் கடந்தால், குளிர்காற்று உள்ளே புகாதபடி மரமும் கண்ணாடியும் கொண்டு அமைத்த ஒரு சிறு கூண்டு இருக்கும்; முன்கூடத்துக்குள் அது துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டினால் கட்டடத்தின் அகலம் நெடுகிலும் குறுக்காக நீளும் ஒடுங்கிய முன்கூடம். தரை டெரசோ (கல் துண்டுகளைச் சிமெண்டில் பதித்து மெருகேற்றியது), அதன் விளிம்பில் பளிங்குப் பட்டை. சுவரின் கீழ்ப்பகுதியிலும் பளிங்கு. வாசலுக்கு எதிரே, மக்களையும் ஊழியரையும் பிரிக்கும் நீண்ட தடுப்பு: அதில் தபால்தலை, மணியார்டர், பதிவுத் தபால், சேமிப்பு ஆகியவற்றுக்கான கம்பியிட்ட கவுண்டர்களும், சாவியும் எண்ணும் கொண்ட சிறிய பித்தளைத் தபால் பெட்டிகளின் வரிசைகளும். முன்கூடத்தின் ஒரு கோடியில் போஸ்ட்மாஸ்டரின் அறை. தடுப்புக்குப் பின்னால், கட்டடத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் பணிக்கூடம். பல மணி நேரம் நின்றுகொண்டே கடிதம் பிரிப்பவர்களின் கால்களுக்கு இதமாக அங்கே மரத் தரை. பின்புறத்தில் தபால் வண்டி வந்து நிற்கும் மேடை. பணிக்கூடத்தின் தரையும் மேடையும் வண்டியின் தட்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் மூட்டைகளைத் தூக்கி இறக்க வேண்டியதில்லை. முகப்பில் கம்பீரத்துக்காக எழுப்பியதாகத் தோன்றும் படிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு பயன்பாடும் இருந்தது.

பொதுமக்கள் கண்ணில் படாத இன்னோர் அங்கம் பணிக்கூடத்தின் கூரையை ஒட்டி இருந்தது. தொங்கும் நடைபாதை போன்ற, நாற்புறமும் அடைத்த ஓர் ஒடுங்கிய கண்காணிப்புக் கூடு அது. அஞ்சல் ஆய்வாளர் தம்மிடம் மட்டும் உள்ள சாவியால் தனிக் கதவைத் திறந்து, பெரும்பாலும் நிலவறை வழியாக, ஏணியில் ஏறி அதற்குள் செல்வார். அதன் பக்கங்களில் இருந்த மெல்லிய பிளவுகள் வழியே கடிதம் பிரிக்கும் மேசைகளையும், பெட்டக அறையையும், கவுண்டர்களின் பின்புறத்தையும் பார்க்கலாம். பல கட்டடங்களில் ஊழியர்களின் கழிவறைகூடப் பார்வைக்குத் தப்பவில்லை. ஆய்வாளர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. கடித உறைகளில் ரொக்கம் பயணித்த காலத்தில் திருட்டைத் தடுக்க இது தேவையென்று துறை கருதியது. வாசலில் குடிமகனுக்கு இவ்வளவு மரியாதை காட்டிய கட்டடம், தன் ஊழியரை இவ்வளவு ஐயத்தோடு நடத்தியதைக் காணும்போது வருத்தமே உண்டாகிறது. வரலாறு எழுதுவோர் பளிங்கையும் ஓவியத்தையும் வருணித்துவிட்டு இந்தக் கூட்டைக் கடந்துபோகக் கூடாது.

இனி ஓவியங்கள். இவற்றை அமெரிக்கர்களே 'டபிள்யூ.பி.ஏ. ஓவியங்கள்' என்று பரவலாகச் சொல்வதால்தான் நிவாரணப் பணி என்ற கருத்து நிலைத்துவிட்டது. டபிள்யூ.பி.ஏ. என்பது 1935-இல் தொடங்கப்பட்ட வேலைவாய்ப்பு அமைப்பு. அதன் கலைப் பிரிவு, வறுமையில் இருப்பதாகச் சான்று பெற்ற கலைஞர்களுக்கு ஊதியம் தந்தது. தபால் நிலைய ஓவியங்களுக்குப் பொறுப்பேற்றதோ, கருவூலத் துறையில் 1934 அக்டோபரில் உருவாக்கப்பட்ட 'ஓவியம் மற்றும் சிற்பப் பிரிவு' என்ற தனி அமைப்பு. வழக்கறிஞராகவும் ஓவியராகவும் இருந்த எட்வர்ட் புரூஸ் அதன் தலைவர். கட்டடச் செலவில் ஏறத்தாழ 1 விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்குவது, ஓவியரின் பெயர் தெரியாதபடி அனுப்பப்படும் மாதிரிகளைக் கொண்டு போட்டி நடத்துவது, தேர்வுக்குத் தகுதி மட்டுமே அளவுகோல் என்பது அதன் நெறி. ஒரு பெரிய போட்டியில் வெல்லாவிட்டாலும் அதில் நன்றாக வரைந்தவர்களுக்குச் சிற்றூர் ஒன்றின் சுவர் தரப்படும். 1943-இல் மூடப்படும் வரை அந்தப் பிரிவு ஏறத்தாழ 1,400 படைப்புகளை உருவாக்கச் செய்தது.

சிற்றூர் ஓவியத்துக்கான தொகை பெரும்பாலும் ஆயிரம் டாலருக்கும் குறைவு. அதுவும் மொத்தமாக வராது: மாதிரி ஏற்கப்பட்டதும் ஒரு பங்கு, முழு அளவுக் கோட்டுப்படம் ஏற்கப்பட்டதும் ஒரு பங்கு, ஓவியம் சுவரில் ஏறியதும் எஞ்சியது. சாயம், துணி, பயணம் எல்லாம் ஓவியரின் செலவு. சுவரோவியம் என்று சொன்னாலும் பெரும்பாலானவை சுவரில் நேரடியாகத் தீட்டப்பட்டவை அல்ல; ஓவியர் தம் கூடத்தில் துணியில் எண்ணெய்ச் சாயத்தால் வரைந்து, சுருட்டிக் கொண்டுவந்து, ஈய வெள்ளைப் பசையால் சுவரில் ஒட்டினார். இடமும் ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் ஒன்றே: போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே. காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. முன்கூடத்தின் ஒரு நீண்ட பக்கம் முழுவதும் சன்னல்கள், எதிர்ப்பக்கம் முழுவதும் கவுண்டர்களும் பெட்டிகளும். தடையில்லாத சுவர் என்று எஞ்சியது கோடியில் இருந்த குறுகிய சுவர்தான். அங்கும் கதவின் மேற்சட்டம் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். இருபுறமும் அறிவிப்புப் பலகைகள். பல ஓவியங்களில் மனிதர்கள் இரு பக்கமும் ஒதுங்கி நிற்க, நடுவில் ஒரு மலையோ களஞ்சியமோ அமைந்திருப்பதற்குக் கலைக்கொள்கை காரணமன்று, கதவே காரணம்.

கருப்பொருளில் ஊராரின் குரலுக்கும் இடமிருந்தது, மோதல்களும் நேர்ந்தன. ஐடஹோ மாநிலத்தின் கெல்லாக் ஒரு சுரங்க ஊர். அன்றிருந்த 48 மாநிலங்களுக்கும் சேர்த்து 1939-இல் நடத்தப்பட்ட போட்டியில், அவ்வூருக்காக ஃபிளெட்சர் மார்ட்டின் வரைந்த மாதிரி தேர்வானது. அடிபட்ட தொழிலாளி ஒருவரை அவருடைய தோழர்கள் சுரங்கத்திலிருந்து மீட்டுக் கொண்டுவரும் காட்சி அது. தொழிற்சங்கம் அதை வரவேற்றது. சுரங்க முதலாளிகளின் தரப்பு எதிர்த்தது. இறுதியில் அந்த ஓவியம் கைவிடப்பட்டு, அவ்வூரில் தாது கண்டெடுக்கப்பட்ட பழங்கதையைச் சொல்லும் வேறொரு படத்தை 1941-இல் அவரே வரைந்து கொடுத்தார். போட்டியில் வென்ற ஒரு படத்தைக் காக்கும் துணிவு கருவூலத் துறைக்கு இல்லாமற்போனது பெரிய இழப்பு. இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு ஒக்லஹோமா மாநிலத்தின் அனடார்கோ. அங்கே கியோவா பழங்குடியைச் சேர்ந்த ஸ்டீபன் மொபோப், தம் இனத்தவரான ஜேம்ஸ் ஆகியா, ஸ்பென்சர் அசா ஆகியோரின் துணையோடு, தம் மக்களின் வாழ்வைத் தாமே 16 பலகங்களில் தீட்டினார். அமெரிக்கப் பழங்குடியினரைப் பிறர் கற்பனையில் வரைந்த எத்தனையோ தபால் நிலைய ஓவியங்களுக்கு நடுவில் இது தனித்து நிற்கிறது.

தரப்படுத்திய முறைக்கு விதிவிலக்கும் உண்டு. அந்த விதிவிலக்கை உண்டாக்கியவர் அதிபரே. ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள டச்சஸ் மாவட்டம் ரூஸ்வெல்ட்டின் பிறந்தகம். பழைய டச்சுக் குடியேறிகளின் கல்வீடுகள்மீது அவருக்கு இளமையிலிருந்தே ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. தம் வட்டாரத்தில் கட்டப்படும் தபால் நிலையங்கள் அந்தக் கல்வீடுகளின் வழியில் வயல்வெளியில் கிடைக்கும் கல்லால் அமைய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ரைன்பெக், ஹைட் பார்க், வாப்பிங்கர்ஸ் ஃபால்ஸ், போகீப்சி, பக்கத்து மாவட்டத்தில் எல்லன்வில் ஆகிய ஊர்களின் கட்டடங்கள் அவ்வாறே எழுந்தன. இவற்றுள் ரைன்பெக்கை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். அவ்வூரில் கிப் என்ற டச்சுக் குடும்பத்தினர் 1700-இல் கட்டிய கல்வீடு ஒன்று 1910-இல் தீக்கிரையாகி இடிபாடாகக் கிடந்தது. ருடால்ஃப் ஸ்டான்லி பிரவுன் என்ற கட்டடக் கலைஞர் அந்த வீட்டின் உருவத்தைப் பின்பற்றிப் புதிய தபால் நிலையத்தை வடிவமைத்தார். இடிபாட்டிலிருந்த கற்களும் எடுத்து வரப்பட்டுச் சுவரில் வைத்துக் கட்டப்பட்டன. 1939 மே 1 அன்று ரூஸ்வெல்ட் நேரில் வந்து, டென்மார்க்கின் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்கின் முன்னிலையில் மூலைக்கல்லை நாட்டினார். உள்ளே ஊரின் வரலாற்றை வரைந்த ஓலின் டௌஸ் அவ்வூரில் வாழ்ந்தவர். கருவூலத் துறையின் கலைப் பணிகளை நிர்வகித்தவர்களிலும் ஒருவர். ரைன்பெக்கின் தாழ்ந்த கல் முகப்பின் முன் நிற்பவருக்கு அது தபால் நிலையம் என்பதே உடனே தோன்றாது. அழகில் அது சைமனின் செங்கற் கட்டடங்கள் பலவற்றை மிஞ்சுகிறது. ஆயினும் நாட்டின் அதிபர் அண்டை வீட்டுக்காரராக இருக்கும் ஊருக்கே வாய்க்கக்கூடிய அழகு அது. மற்ற ஆயிரம் ஊர்களுக்குத் தரப்படுத்திய வரைபடம் இல்லாவிட்டால் எந்த அழகும் கிடைத்திராது.

இத்தகைய கட்டடம் ஒன்றை நேரில் காண வாய்ப்பவர்கள் முதலில் மூலைக்கல்லைப் படிக்க வேண்டும். ஆண்டு தேய்ந்திருந்தாலும் பெயர்கள் காலத்தைச் சொல்லிவிடும். கருவூலச் செயலராக ஆண்ட்ரூ மெலனோ ஆக்டன் மில்ஸோ, அவர்களோடு வெட்மோரும் குறிக்கப்பட்டிருந்தால் அது ஹூவர் காலத்துக் கட்டடம். ஹென்றி மார்கந்தோ, அஞ்சல் துறைத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்லி, லூயிஸ் சைமன், பொறியாளர் நீல் மெலிக் என்ற வரிசை இருந்தால் 1934-க்கும் 1939-க்கும் இடைப்பட்டது. கருவூலத் துறையின் பெயரே இல்லாமல் 'கூட்டாட்சிப் பணிகள் முகமை' என்றும் ஜான் கார்மடி என்றும் இருந்தால், 1939-இல் கட்டடப் பொறுப்பு கருவூலத்தின் கையைவிட்டுப் போன பிறகு கட்டப்பட்டது.

இந்தக் கட்டடங்களின் பிற்கால நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் கட்டுமானத்தை நிறுத்தியது. போருக்குப் பின் வந்த சீரமைப்புகளில் பல ஊர்களில் கம்பிக் கவுண்டர்களும் பித்தளைப் பெட்டிகளும் அகற்றப்பட்டு, திறந்த மேசைகளும் அலுமினியக் கதவுகளும் வந்தன. கம்பீரமான படிகள் சக்கர நாற்காலியில் வருவோரைத் தடுத்ததால் பின்னர்ச் சாய்தளங்கள் சேர்க்கப்பட்டன. இது சரியான மாற்றமே. 1971-இல் அஞ்சல் துறை, தன் வருவாயைக் கொண்டே இயங்க வேண்டிய அமைப்பாக மாறியது. லாரிகள் பெருகி, வண்டி நிறுத்துமிடம் முதன்மைத் தேவையானபோது ஊருக்கு வெளியே பெரிய கொட்டகைகள் எழுந்தன. கடிதங்களின் எண்ணிக்கை சரிந்த பிறகு பழைய கட்டடங்களை விற்கும் போக்கு வலுப்பட்டது; 2012-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, வரலாற்றுச் சிறப்புடைய தபால் நிலையங்களை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

விற்பனை நடக்கும் ஊர்களில் வாழ்வோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கட்டடம் கைமாறினாலும் ஓவியம் அதனோடு சேர்ந்து விற்கப்படுவதில்லை. அது பொதுச் சொத்தாகவே நீடிக்க, புதிய உரிமையாளருக்குக் கடனாகவே வழங்கப்படுவது வழக்கம். ஓவியம் இருக்கும் முன்கூடத்தைப் பொதுமக்கள் தொடர்ந்து காண முடியுமா என்பதை விற்பனைப் பத்திரத்தோடு சேரும் பாதுகாப்பு நிபந்தனைகளே முடிவு செய்கின்றன. ஆகவே ஊரார் தம் கோரிக்கைகளை முன்வைக்க வேண்டியது அந்த நிபந்தனைகள் எழுதப்படும் கட்டத்தில்தான். பத்திரம் கையெழுத்தான பின் புதிதாக ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது மிகக் கடினம்.